உணர்வு நுண்ணறிவில் மகளுக்கு மதிப்பெண் குறைவு: பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

கடலூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பள்ளிக்கு யாரோ வந்து ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ தேர்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். மகளுக்குச் ‘சராசரிக்குக் கீழே’ என்று தாள் வந்திருக்கிறது. தாளோடு ஒரு துண்டறிக்கையும் வந்திருக்கிறது: பத்து வாரப் பயிற்சி, 9,000 ரூபாய். போன வருடம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் இப்போது பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்விடுகிறாள், எதைக் கேட்டாலும் ‘ஒண்ணும் இல்ல’ என்கிறாள், தம்பியிடம் எரிந்து விழுகிறாள். வகுப்பில் சேர்த்தால் சரியாகுமா, இந்த நுண்ணறிவு கூடினால் பிள்ளை சந்தோஷமாக இருப்பாளா என்று கேட்கிறார். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி: ‘மாசி மாதம் சடங்கு வைத்தோம், அதிலிருந்து கோ-கோ விளையாடப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.’

கேட்டது வகுப்பைப் பற்றித்தான். ஆனால் இரண்டாவது முறை படித்தபோது எனக்குக் காதில் விழுந்த கேள்வி வேறு. என் பொண்ணுக்கு என்ன ஆச்சு, ஏன் என்னிடம் பேசமாட்டேன் என்கிறாள், நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? இதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன், வகுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் உளவியல் படித்துவிட்டு, கடலூர், புதுச்சேரி பக்கத்துப் பள்ளிகளில் 18 வருடமாக மாணவர் ஆலோசகராக வேலை செய்கிறவள். மனநல மருத்துவர் இல்லை. நோய் இன்னதென்று முடிவு சொல்லவோ மருந்து எழுதவோ எனக்குத் தகுதி கிடையாது. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவளைப் பற்றி நான் சொல்வது ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி ஊகம் இல்லை.

முதலில் அந்தத் தாள். உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர்கள் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் அது ஊரெல்லாம் பரவி, பள்ளி வரைக்கும் வந்தது. சாலோவேயும் மேயரும் பிற்பாடு அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். முகத்திலும் குரலிலும் இருக்கும் உணர்வைக் கண்டுகொள்வது ஒன்று. உணர்வைச் சிந்தனைக்குத் துணையாக்கிக்கொள்வது அடுத்தது. ஓர் உணர்வு எதனால் வந்தது, எதில் போய் முடியும் என்று புரிந்துகொள்வது மூன்றாவது. தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் கையாள்வது நான்காவது. நல்ல கருத்து, எனக்கு அதில் சண்டை இல்லை. அளக்கும் விதத்தில்தான் சிக்கல்.

இதை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, கணக்குத் தேர்வு மாதிரி: ஒரு முகத்தைக் காட்டி இதில் என்ன தெரிகிறது என்று கேட்பது, ஒரு சூழ்நிலையைச் சொல்லி இப்போது என்ன செய்தால் நல்லது என்று கேட்பது. இதற்கு நேரமும் பணமும் வேண்டும், பயிற்சி பெற்றவர் வேண்டும். இன்னொன்று, பிள்ளையையே கேட்பது: ‘என் கோபத்தை என்னால் அடக்க முடியும்’, ‘அடுத்தவர் மனம் எனக்குப் புரியும்’ என்று வரிசையாக வாக்கியங்கள், எதிரே டிக் போடக் கட்டங்கள். ஒரே பீரியடில் ஒரு வகுப்பையே முடித்துவிடலாம் என்பதால் பள்ளிகளில் நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இது அளப்பது பிள்ளையின் திறனையா, தன்னைப் பற்றிப் பிள்ளை வைத்திருக்கும் எண்ணத்தையா? பெரும்பாலும் பின்னதை. மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை எல்லாக் கட்டத்திலும் தன்னைக் குறைத்தே போடும். வகுப்பில் பாதிப் பேரை அழவைக்கும் ஒரு பையன் ‘அடுத்தவர் மனம் எனக்குப் புரியும்’ என்பதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துதான் தொட்டுக்கொண்டிருந்தான்.

அதனால் ‘சராசரிக்குக் கீழே’ என்ற வரியைப் படித்துவிட்டு உங்கள் மகளுக்கு ஏதோ குறை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தாளிலிருந்து நியாயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அன்றைக்கு அவள் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கவில்லை. அதுவும் முக்கியமான செய்திதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு அந்தத் தாள் தேவைப்பட்டிருக்காது, நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து, நுண்ணறிவு கூடினால் சந்தோஷமாக இருப்பாளா என்ற கேள்வி. உணர்வு நுண்ணறிவில் அதிக மதிப்பெண் எடுக்கும் வளரிளம் பிள்ளைகள் மனநலத்திலும் மேலாக இருக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வித்தாள்களில் சிலவற்றில் ‘நான் பொதுவாக மகிழ்ச்சியாக இருப்பவன்’ என்கிற மாதிரி வாக்கியங்களும் நுண்ணறிவின் பங்காகவே சேர்ந்திருக்கின்றன. மகிழ்ச்சியைக் கேட்டு ஒரு மதிப்பெண், மறுபடி மகிழ்ச்சியைக் கேட்டு இன்னொரு மதிப்பெண், இரண்டும் ஒத்துப்போகின்றன என்றால் அதில் அதிசயம் என்ன இருக்கிறது? திறனை நேராகச் சோதிக்கும் தேர்வுகளில் இந்தத் தொடர்பு இருக்கவே செய்கிறது, ஆனால் மெலிந்துபோகிறது.

இன்னும் ஒன்று. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் ஒரே பிள்ளையிடம் எல்லாவற்றையும் கேட்டு எடுத்தவை. எது முன்னால், எது பின்னால் என்று அவற்றால் சொல்ல முடியாது. உணர்வைப் புரிந்துகொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு நண்பர்கள் சேர்கிறார்கள், ஆசிரியருக்குப் பிடித்துப்போகிறது, அதனால் அது நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். வீட்டில் காதுகொடுத்துக் கேட்கும் ஆள் இருக்கும் பிள்ளைக்குத்தான் உணர்வைச் சொல்லவே வாய் வருகிறது என்றும் சொல்லலாம். இரண்டும் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் 18 வருடத்தில் நான் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம். திறன் முதலில் வந்து பின்னால் ஆட்கள் வந்த பிள்ளைகளை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஆட்கள் இருந்ததால் திறன் வளர்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மகளுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்பதற்கு முன்னால், அவளுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன்.

இதற்குச் சமூக ஆதரவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சில் சொன்னால், ஆள்துணை. ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் என்ற இருவர் 1985-இல் எழுதிய கட்டுரையில் ஆதரவு இரண்டு வழியில் வேலை செய்கிறது என்றார்கள். ஒன்று, துன்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் தருகிற நன்மை. இன்னொன்று, துன்பம் வரும்போது அதன் அடியைத் தாங்குகிற நன்மை. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முதலாவது வீட்டுக் கூரை, இரண்டாவது கடலோர ஊர்களில் கட்டியிருக்கும் புயல் பாதுகாப்பு மையம். 12 வயதுப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். புயல் மையம் பூட்டிக் கிடக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று புயல் வருவதற்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுகளிலும் இதே மாதிரிதான் வந்திருக்கிறது. உண்மையில் எத்தனை உதவி கிடைத்தது என்பதைவிட, ‘எனக்கு ஒன்று என்றால் இவர் இருக்கிறார்’ என்ற நம்பிக்கைதான் மனநலத்தோடு நெருக்கமாகப் போகிறது.

என் மேசையில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்திருப்பேன். சாக்பீஸால் மேசையில் ஒரு வட்டம் போட்டு, ‘இது நீ. மனசு சரியில்லேன்னா யார்கிட்ட போவ? ஆளுக்கு ஒரு கொட்டை வை’ என்பேன். முதுநகர் பக்கத்திலிருந்து வந்த 11 வயதுப் பையன் ஒருவன் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) அம்மாவுக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒன்று வைத்தான். நான்காவதைக் கையில் எடுத்தவன் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். ‘அப்பா குவைத்துல இருக்காரு மிஸ். போன்ல மட்டும்தான். வைக்கலாமா?’ என்றான். போனில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். ‘மார்க் எவ்ளோன்னு கேப்பாரு. அம்மாகிட்ட குடுன்னுவாரு.’ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கொட்டையைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டான்.

அந்த அப்பா பிள்ளைக்காகத்தான் அங்கே வெயிலில் நிற்கிறார். பள்ளிக் கட்டணம், செருப்பு, சைக்கிள் எல்லாம் அவர் அனுப்பிய பணம். கொடுத்த உதவிக்குக் குறைவே இல்லை. ஆனால் பிள்ளையின் வட்டத்தில் அவருக்குக் கொட்டை இல்லை. அவன் அம்மாவிடம் இதைச் சொன்னேன், அவர் கணவரிடம் சொன்னார். ‘வெள்ளிக்கிழமை போன்ல மார்க் கேக்கறத விட்டுட்டாரு மிஸ், எந்தப் போட்டுல என்ன மீன் வந்துச்சுன்னு ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசிக்கிறாங்க’ என்று அடுத்த மாதம் அம்மா வந்து சொன்னார். பையன் பிறகு கொட்டையை வைத்தானா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. குவைத்தில் இருந்தாலும் வட்டத்துக்குள் வரலாம், அடுத்த அறையில் இருந்தும் வெளியே நிற்கலாம்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுவரிக்கு வருகிறேன். என் கண் அங்கேதான் நின்றது. ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்த அந்த ஒரு மாதத்தில் அவளிடமிருந்து என்னென்ன போகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தெருவில் விளையாட்டு போகிறது. சைக்கிளில் கடைக்குப் போய்வருவது போகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட விளையாடிய பக்கத்து வீட்டுப் பையன் ‘பையன்’ ஆகிவிடுகிறான். நிறைய வீடுகளில் அப்பா கூடத் தள்ளிப்போகிறார். நேற்றுவரை தோளில் கைபோட்டு டிவி பார்த்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார். அவள் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்கிறாள். உடம்பு புதிதாகி, மனம் கொந்தளித்து, அவளுக்கு ஆள்துணை மிக அதிகமாகத் தேவைப்படும் அதே மாதத்தில் நாம் அவள் வட்டத்திலிருந்து கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறோம். பாசத்தால்தான் எடுக்கிறோம், பயத்தால்தான் எடுக்கிறோம். இருந்தாலும் எடுக்கிறோம்.

சடங்கே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தாய்மாமன் சீர் கொண்டுவந்து, அத்தைகளும் சித்திகளும் சுற்றி நின்று, ஊரே தன்னைக் கொண்டாடியதை வாழ்நாள் முழுக்கச் சந்தோஷமாக நினைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, ‘தெருமுனையில என் போட்டோ போட்டு பேனர் வச்சிட்டாங்க மிஸ், எங்க கிளாஸ் பசங்க எல்லாரும் பாத்துட்டாங்க’ என்று என் அறையில் வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுத பெண்ணும் உண்டு. அதைத் தன் வீட்டில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. எல்லோரும் அவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள், எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டாள். உங்கள் வீட்டில் எப்படி நடந்தது, மகள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை அவளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கோ-கோவைப் பற்றி மட்டும் தயங்காமல் சொல்வேன். மாதவிடாய் வந்துவிட்டது என்பதற்காக ஓடியாடும் விளையாட்டை நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் நாள் தவறித் தவறி வருவதும் இயல்புதான். வலியும் இரத்தப்போக்கும் அளவுக்கு மீறி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தன் உடம்புக்கு ஏற்றபடி அவள் ஓடலாம். கோ-கோவில் ஓர் அணிக்குக் களத்தில் ஒன்பது பேர். நீங்கள் நிறுத்தியது விளையாட்டை மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். அவளுக்குப் போனது எட்டுத் தோழிகளும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு உடற்கல்வி ஆசிரியரும், தினமும் உடம்பு களைத்து நன்றாகத் தூக்கம் வரும் ஒரு மணி நேரமும். சாயந்தரம் தனியாகத் திரும்பி வருவதுதான் உங்கள் பயம் என்றால் அது நியாயமான பயம். அதற்கு யார் கூட வருவது, எத்தனை மணிக்குள் என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பயத்துக்கு வழி இருக்கும்போது விளையாட்டை ஏன் எடுக்க வேண்டும்?

சரி, பேசமாட்டேன் என்கிறாளே, அதற்கு என்ன செய்வது? இந்த வயதில் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை மறைக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பாதி நேரம் அவர்களுக்கே அதற்குப் பெயர் தெரியாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் எனக்குக் கிடைக்கும் பதில் இரண்டே இரண்டுதான்: ‘ஒரு மாதிரியா இருக்கு மிஸ்’, ‘கடுப்பா இருக்கு மிஸ்’. அந்தக் கடுப்புக்குள் எத்தனையோ இருக்கும். தோழி வேறொருத்தியோடு சேர்ந்துகொண்டாள் என்ற பொறாமை, எல்லோர் முன்னாலும் ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தையால் வந்த அவமானம், தூக்கமில்லாத அலுப்பு, முகப்பரு, வீட்டில் பணம் பற்றி நடந்த சண்டை எல்லாம் கடுப்புதான். எது என்று பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் செய்த மூளைப் படச் சோதனையில், உணர்ச்சி காட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்தையும் பதற்றத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அடங்கியது. அது பெரியவர்களிடம், ஆய்வகத்தில் செய்தது. அப்படியே 12 வயதுப் பெண்ணுக்குப் பொருத்திவிட முடியாது. என் அறையில் நடப்பதோடு அது ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

‘என்ன ஆச்சு சொல்லு’ என்று நேரே கேட்டால் ‘ஒண்ணும் இல்ல’தான் வரும். அதற்குப் பதில் இரண்டு சொல்லை நீங்களே எடுத்துவைத்துப் பாருங்கள். ‘கோவமா இருக்கா, இல்ல ஏமாத்தமா இருக்கா?’ இரண்டும் தப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ‘அதெல்லாம் இல்லம்மா’ என்று மறுக்கும்போதுதான் சரியான சொல் அவள் வாயிலிருந்து வரும். வந்தவுடன் அறிவுரை சொல்லிவிடாதீர்கள். இது எனக்கே இன்னும் கஷ்டம். ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’, ‘நாங்க எல்லாம் அந்தக் காலத்துல’ என்று ஆரம்பித்தால் அந்த வாசல் அன்றோடு மூடிவிடும்.

இடமும் முக்கியம். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் இந்த வயதுக்கு அது விசாரணை. பண்ருட்டி பக்கத்துத் தாய் ஒருவர், முந்திரி உடைக்கும் வேலை செய்கிறவர், தன் மகன் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அழுதார். அவர் விரல் நுனியெல்லாம் முந்திரி ஓட்டுப் பால் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தது. ‘இன்றைக்கு அவனைப் பேசவைக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பருப்பில் தோல் எடுக்க மட்டும் கூப்பிடுங்கள்’ என்றேன். மூன்றாம் நாள் கையைப் பார்த்துக்கொண்டே, நிமிராமலேயே பேசியிருக்கிறான், பள்ளிப் பேருந்தில் தன்னை இரண்டு பேர் அடிக்கிறார்கள் என்று. கை வேலையாக இருக்கும்போதும், ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து முகம் தெரியாமல் போகும்போதும், இருட்டில் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போதும் பிள்ளைகள் பேசுகிறார்கள். டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறீர்கள் என்றால், கொஞ்சம் சுற்றுவழியில் மெதுவாகப் போங்கள்.

தோழிகள் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002-இல் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்தார். தோழிகள் இரண்டு பேர் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு நெருக்கமாகிறது, கூடவே சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன. பெண் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் கூடுதல். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா போனில் வாய்ஸ் மெசேஜ் மேல் வாய்ஸ் மெசேஜாகப் போவது இதுதான். பேச்சுத் துணை வேண்டும். அந்தப் பேச்சை ஓர் இடத்தில் நிறுத்தி ‘சரி வா, சாப்பிடலாம்’ என்று சொல்ல ஒரு பெரிய மனுஷியும் வேண்டும். அப்புறம், இந்த வயதில் நம்மைத் தள்ளிவிட்டுத் தோழிகளிடம் ஓடினாலும், பிள்ளைகளின் மனச்சோர்வைக் குறைப்பதோடு தொடர்புள்ள ஆதரவில் குடும்பத்தின் ஆதரவு முன்வரிசையில் நிற்கிறது என்றே பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்பதால் நீங்கள் தேவையில்லை என்று ஆகிவிடாது.

ஆசிரியர் ஒருவர் போதும், பிள்ளையின் வருடமே மாறிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சேறு படிந்த அறிவியல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். திட்டு விழும் என்று பயம். ஆசிரியை ஒன்றும் கேட்காமல் நோட்டை வாங்கிக்கொண்டு போய், தன் வீட்டு மின்விசிறிக்குக் கீழே பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்து, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கங்கள் அலை அலையாக நெளிந்து, மை பரவி இருந்தது. இப்போது அவள் பத்தாம் வகுப்பை நெருங்குகிறாள். அந்த நோட்டு இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது. உங்கள் மகளின் பள்ளியில் அவளுக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் போய் ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மகளைப் பற்றிக் குற்றப்பத்திரிகை மட்டும் வாசிக்காதீர்கள்.

இனி அந்த 9,000 ரூபாய் வகுப்பு. பள்ளிகளில் உணர்வுத் திறன்களைக் கற்றுக்கொடுத்தால் பலன் உண்டா என்றால், உண்டு. 2011-இல் ஜோசஃப் டர்லாக் குழுவினர் 213 பள்ளித் திட்டங்களை, 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது நடத்தையும் மனநலமும் மேம்பட்டிருந்தன, படிப்பும் கூடியிருந்தது. ஆனால் அவை பள்ளிக்குள்ளேயே நடந்த திட்டங்கள். நம் நாட்டில் பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் கண்ணைத் திறப்பது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்திய உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருந்த ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அந்த மாற்றம் இல்லை. பாடம் ஒன்றுதான். இந்த வேலைக்கென்றே ஒருவர் தினமும் இருந்தாரா என்பதில் வித்தியாசம் வந்திருக்கிறது. எல்லாப் பயிற்சியும் பலிக்கும் என்றும் இல்லை. பிரிட்டனில் 11 முதல் 14 வயது வரையான 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனக்குவிப்புப் பயிற்சியும் (மைண்ட்ஃபுல்னஸ்), மற்றவர்களுக்கு வழக்கமான பாடமும் கொடுத்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பாடத்தைவிட அது மேலாக இல்லை.

அதனால் வெளியே நடக்கும் பத்து வார வகுப்பு தீங்கு என்று சொல்லமாட்டேன். நல்லவர் நடத்தினால், அங்கே இரண்டு தோழிகள் கிடைத்தால், அதுவே பலன். ஆனால் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். தேர்வு வைத்தவரே வகுப்பையும் விற்கிறார் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். நடத்துபவர் என்ன படித்திருக்கிறார், பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உடனே தெளிவாகப் பதில் வரவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் மகளுக்கு இந்த வயதுக்குரிய தடுமாற்றம்தான் என்ற ஊகத்தில். அப்படி இல்லாமலும் இருக்கலாம். உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு என்றால் சோகம். பிள்ளைகளிடம் அது எரிச்சலாகவும் வரும், தீராத வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வரும். தம்பியிடம் எரிந்து விழுவதை ‘திமிர்’ என்று தள்ளாமல் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் அப்படியே இருந்து, கூடவே சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல், படிப்பும் சட்டென்று இறங்கினால் காத்திருக்க வேண்டாம். 12 வயது வரை 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பருவம் வரும்போது உடம்பின் கடிகாரம் தானாகவே பின்னால் தள்ளிப்போவதால் தூக்கம் தாமதமாக வரும், அதைச் சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை.

சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, யாராவது தொட்டதாக அரைகுறையாகச் சொன்னாலோ அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன, சொல்லத் தவித்த பிள்ளைக்கு வழி கிடைக்கும். மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மரில் தனி மனநலத் துறையே இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எப்போதும் தமிழில் இலவசமாகப் பேசலாம், குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. ‘பைத்தியம்னு சொல்லிடுவாங்க’ என்று தள்ளிப்போட்டு வந்த பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பாரமாக இருக்கும்.

நீங்கள் ஏதாவது தப்புச் செய்தீர்களா என்று கேட்காமல் கேட்டீர்கள். மகளைப் பற்றி இவ்வளவு கவனித்து எழுதியிருக்கிற ஒருவரிடம் தப்பு என்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கோ-கோவை நிறுத்தியதை மட்டும் அவளிடமே எடுத்துப் பேசுங்கள். ‘அப்போ நான் பயந்துட்டேன், உன்ன கேக்காம முடிவு பண்ணிட்டேன்’ என்று சொன்னால் போதும். பெரியவர்கள் தங்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்வதை அவள் கேட்டிருக்கவே மாட்டாள். தாளைப் பீரோவில் வையுங்கள், அவள் கண்ணில் படும்படி வேண்டாம். இந்த வாரம் வீட்டில் புளி எடுக்கும்போது கொட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைத்து, வட்டம் போட்டு முதலில் உங்களுக்கு நீங்களே வைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கோ-கோ பற்றி உடற்கல்வி ஆசிரியர் என்ன சொன்னார் என்று தெரிந்ததும் இங்கேயே இரண்டு வரி எழுதுங்கள், சாயந்தரம் திரும்பி வருவதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.